அலுங்காமல்

மாட்டுத்தாவணி. விடிகாலை நாலே கால்.
திருச்சி வண்டியின் கடைசி சீட்டுக்கு அடியில் கிடந்த சாக்கை
"எருமைக் கொம்புச் சீவல் சார், பட்டன் கம்பெனிக்கு" என்றான் முத்தழகு.
வெங்காய மண்டித் தராசில் நிறுத்தோம்:
ஒன்பது கிலோ இருநூறு.
கையை விட்டு அளைந்தால்
ஓட்டுச் சில்லுகள் உரசும் சத்தம்.

அது என்னவென்று எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரிவது கோர்ட்டில் செல்லாது.
தினக்கூலிக் காவலன், பத்தாவது பாஸ்,
சோணைமுத்து அலுங்குச் செதில் என்றால்
எதிர்த்தரப்பு வக்கீல் கொம்பு என்பார்.
கொம்பும் செதிலும் நம் நகமும்
ஒரே பொருள்தானாம்.
கண்ணுக்கு அத்தோடு வேலை முடிந்தது.

ரேஞ்சர் ஜெயசீலி அம்மா சொன்னார்:
"அடியில ஒட்டியிருக்கிற காய்ஞ்ச தோல் வேணும்.
அதுதான் பேசும்."
சாக்கின் மேலிருந்து, நடுவிலிருந்து, அடியிலிருந்து
நாற்பது செதில் பொறுக்கினேன்.
நாற்பது உறை, நாற்பது எண்.
அரக்கு உருகிக் கட்டைவிரலில் விழுந்தது.
"ஐதராபாத் வரைக்கும்
அலுங்காமக் குலுங்காமக் கொண்டு போகணும்" என்றவர்
சொல் இடறிச் சற்று நின்றார்.
ரெண்டு பேரும் சிரிக்கவில்லை.

ரயிலில் பெட்டி என் மடியில் இருந்தது.
எதிர் சீட்டுக்காரர் "நகைங்களா?" என்றார்.
"இல்ல, சாட்சி" என்றேன்.
காட்பாடி தாண்டும்வரை அவர் பேசவில்லை.

எட்டு மாசம்.
அதற்குள் முத்தழகு ஜாமீனில் வந்து
ஆரப்பாளையத்தில் டீக்கடை போட்டிருந்தான்.
ஒரு நாள் என்னிடம் காசு வாங்க மறுத்தான்.
பன் டப்பாவின் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

அறிக்கை மூன்று பக்கம்.
மாடு அல்ல, எருமை அல்ல.
எறும்புதின்னி, நம் நாட்டு இனம்.
நாற்பதில் முப்பத்தொன்று பேசின,
ஒன்பது ஊமை.
பேசியவை குறைந்தது ஐந்து உடல்களுக்குச் சொந்தம்.
அதுவரை நான் சாக்கைக்
கிலோவில்தான் நினைத்திருந்தேன்.

வக்கீல் கேட்டார்: "கொன்றதைப் பார்த்தீரா?"
இல்லை.
"பார்த்தவர் யாரேனும்?"
இல்லை.
"அப்புறம் என்ன சாட்சி?"
பெஞ்சு கிளார்க் மூன்றாம் பக்கத்தை
ரேஷன் கார்டு எண் கூப்பிடும் குரலில் வாசித்தார்:
"மாதிரி பதினொன்று. மாதிரி இருபத்தொன்பது.
தாய், சேய்."
ஜட்ஜ் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.
வாய்தா, அடுத்த மாதம் பதினேழு.

இருபத்தொன்பது எனக்கு நினைவிருக்கிறது.
மற்றவை உறைக்குள் போக முரண்டு பிடித்தன,
அது மட்டும் சுலபமாய்ப் போனது.
மெல்லிசாய், ஓரம் தேயாமல்,
இன்னும் மண்ணில் உரசிப் பழகாத செதில்.
குட்டி, தாயின் வாலடியில் தொற்றிக்கொண்டு போகுமாம்.
ஆள் அரவம் கேட்டுத் தாய் சுருண்டால்
குட்டி உள்ளே.
பந்துக்குள் பந்து.
புலியின் பல்லுக்கு அது பிடி கொடுக்காது.
மனுசன் அப்படியே தூக்கிச் சாக்கில் போடலாம்.

அறிக்கையில் கடைசி வரி ஒன்று உண்டு,
கோர்ட்டில் யாரும் வாசிக்காதது:
"எந்த மலை என்று சொல்ல இயலவில்லை.
ஒப்பிட, உயிருள்ளவற்றின் மாதிரி இல்லை."

அதனால் இப்போது வெறும் உறைகளோடு ஏறுகிறேன்,
அழகர்மலைச் சரிவில் ஒரு வாரம்,
சிறுமலையின் வாடிப்பட்டிப் பக்கம் ஒரு வாரம்.
மூன்று மாசச் சம்பளம் பாக்கி.
முந்தாநாள்
கிழிந்த கரையான் புற்று ஒன்று, உள்மண் இன்னும் ஈரம்,
மூன்று நகத்தின் கீறல்.
பக்கத்தில்
எறும்புத் தலைகள் மின்னும் விட்டை.
பேனா கசிந்து விரலெல்லாம் மசி.
தேதி எழுதினேன், இடம் எழுதினேன்.
எண்: ஒன்று.

பிறகு வந்த தடத்திலேயே இறங்கினேன்
சருகு பார்த்து, கல் பார்த்து,
எங்கோ ஒரு வளைக்குள்
பகல் முழுக்கத் தூங்குவது
அலுங்காமல்.